மூன்றாவது கம்பி

தாம்பரம் மின்சார ரயிலில் காலைதோறும் எனக்கு எதிரே அமர்ந்தவர், விழித்திரை நோய்களை ஆராயும் விஞ்ஞானி. நரைத்த மீசை, தடித்த கண்ணாடி, பெயர் கேட்டதில்லை. பல்லாவரம் வருவதற்குள் ஒரு கண்ணைப் பொத்தி, மறு கண்ணால் ஜன்னல் கம்பிகளைப் பார்ப்பார். பிறகு கண் மாற்றுவார். "கோடு வளைஞ்சு தெரிஞ்சா விழித்திரை கெடுதுன்னு அர்த்தம் சார்" என்று சொல்லியிருந்தார்.

போன ஆடி முதல் வெள்ளியன்று, பொத்திய கை இறங்கவில்லை.

"சார், அந்த மூணாவது கம்பி வளைஞ்சிருக்கா? தடவிப் பாத்துச் சொல்லுங்க."

தடவினேன். எங்கும் வளைவில்லை.

"சொல்லுங்க சார்."

"நேராத்தான் இருக்கு. ஆனா இதுக்கு ஊசி இருக்குன்னு நீங்கதானே சொன்னீங்க?"

"அது மிச்சப் பார்வையைக் காப்பாத்தும். போனதைத் திருப்பித் தராது. திருப்பித் தர்ற மருந்தைத்தானே இத்தனை வருஷமா தேடுறேன்."

கிண்டியில் படியைக் குனிந்து பார்த்து இறங்கினார். அந்தக் கம்பியை ஒற்றைக் கண்ணால் பார்க்க எனக்கு இன்னும் துணிவு வரவில்லை.