பின்பாதி சொல்கிறவள்

இந்த அயர்லாந்து ஊரில் ஜெபமாலை சொல்லும்போது யாராவது ஒரு நொடி நின்றால் போதும், பக்கத்தில் இருப்பவர் உடனே விட்ட இடத்திலிருந்து தானே சொல்ல ஆரம்பித்துவிடுகிறார். உதவியாகத்தான் செய்கிறார்கள். எனக்குத்தான் அது பழகவில்லை. செவ்வாய்க்கிழமை பூசை முடிந்ததும் பத்துப் பன்னிரண்டு பேர் உட்காருகிறோம். எல்லாம் நரைத்த தலை, பிள்ளை ஒன்றுகூட இல்லை. ஒவ்வொரு மணிக்கும் உள்ள மந்திரத்தில் ஒருவர் முன்பாதி சொல்ல, மற்றவர்கள் பின்பாதி சொல்கிறார்கள். ஆளுக்குப் பத்து மணி என்று முறை வரும். என் முறை வந்தால் மாட்டேன் என்று தலையாட்டி அடுத்தவருக்கு விட்டுவிடுவேன். இங்கிலீஷ் வராது என்பது மட்டுமில்லை. ஐந்தாம் வகுப்போடு நின்றவள், நாலு பேர் முன்னால் எனக்கு வாய் வராது. தமிழிலும் ஆயுசுக்கும் பின்பாதிதான் சொல்லியிருக்கிறேன்.

பாம்பனுக்குப் பக்கத்தில் எங்கள் கடற்கரையில் முன்பாதி சொல்வது பிள்ளைகள். கடலுக்குப் போன வள்ளம் திரும்பாவிட்டால் அந்த வீட்டில் எல்லாரும் கூடுவோம், ஒரு பிள்ளையை நடுவில் முழங்காலிட வைப்போம். பிள்ளை திக்கினால் யாரும் எடுத்துக் கொடுக்க மாட்டார்கள். அதுவாகத் தொடங்கும்வரை சத்தமில்லாமல் காத்திருப்போம். ஒருதரம் ஒரு பயல் சிரித்துவிட்டான். வியாகுல மதினி விடவில்லை. “ஏலே, என்ன பல்லக் காட்டுற? நீ வந்து சொல்லு பாப்போம். வாத்தியாரு கேள்வி கேட்டா ஒண்ணுக்கு வருதுன்னு ஓடுறவன்தான நீ?” முடிந்ததும் திக்கின பிள்ளைக்குத்தான் முதல் பிடி பொரிகடலை. “நல்லாச் சொன்ன தாயி” என்று ஆளாளுக்குக் கன்னத்தைத் தொடுவார்கள்.

என் மகள் செலினுக்கு ஒன்பது வயதாக இருக்கும்போது அவள் அய்யா, என் வீட்டுக்காரர், போன வள்ளம் இரண்டு நாளாக வரவில்லை. அன்றைக்கு எங்கள் வீட்டில் அவள்தான் முன்பாதி சொன்னாள். மணி மாதிரிக் குரல். மூன்று பத்து மணி முடிந்திருந்தது. கோவில் உபதேசியார் கொல்லைப் பக்கம் வந்து என்னைக் கூப்பிட்டார். “ஒடம்பு கரையில ஒதுங்கியிருக்கும்மா. பிள்ள சொல்லி முடிக்கட்டும், பெறகு சொல்லிக்கிருவோம்” என்றார். நான் அழவில்லை. திரும்பி வந்து உட்கார்ந்தேன். செலின் என் முகத்தைப் பார்த்தாள். நடுவில் நின்றுவிட்டாள். வழக்கம்போல எல்லாரும் காத்திருந்தார்கள். அந்த அமைதியை என்னால் தாங்க முடியவில்லை. “சொல்லுடி! ஏன் நிப்பாட்டுன?” என்று கத்திவிட்டேன். பிள்ளை எழுந்து வெளியே ஓடினாள். கொஞ்ச நேரத்தில் வீடே ஒப்பாரியானது.

அதன் பிறகு அவள் எங்கேயும் முன்பாதி சொன்னதில்லை. அய்யாவை நினைத்து மனசு வரவில்லை என்று நான் எண்ணிக்கொண்டேன். கன்னியர் விடுதியில் படித்து நர்ஸ் ஆனாள், இந்தத் தேசத்துக்கு வந்தாள், தனியாகக் கிடந்த என்னையும் கூட்டிக்கொண்டாள். இப்போது அவளுக்கு முப்பத்தெட்டு.

போன மாதம் ஒரு செவ்வாய் அவளுக்கு வேலை இல்லை, என்னோடு கோவிலுக்கு வந்தாள். முறை அவளிடம் வந்தது. வாய் திறந்தாள், சத்தம் வரவில்லை. பக்கத்து வீட்டு மோரீன் அம்மாள் சட்டென்று எடுத்துச் சொல்லி முடித்துவிட்டார். மறுநாள் கதவைத் தட்டி, பெரிய எழுத்தில் அச்சடித்த அட்டை ஒன்றைச் செலின் கையில் கொடுத்து, தோளில் தட்டிக்கொடுத்துவிட்டுப் போனார். பார்த்தால் நாங்கள் தினமும் சொல்லும் அதே மந்திரம். பாவம், இவளுக்கு ஜெபம் தெரியாது என்று நினைத்துவிட்டார்.

செலின் அந்த அட்டையைப் பார்த்துச் சிரித்தாள். சிரிப்பு அப்படியே அழுகையாகிவிட்டது.

“எனக்கா தெரியாது? நான் அன்னைக்கு நிப்பாட்டாம இருந்திருந்தா அய்யா வந்திருப்பாகள்ல?”

அவள் கையிலிருந்த அட்டையை வாங்கிக் கீழே வைத்தேன். “இல்லத்தா. நீ நிப்பாட்டுறதுக்கு முன்னாடியே எனக்குத் தெரியும். உபதேசியாரு வந்து சொல்லிட்டுப் போயிட்டாரு.”

“தெரிஞ்சுமா என்னயக் கத்துனீக?”

“தெரிஞ்சுதான் கத்துனேன்.”

“இத எங்கிட்டச் சொல்ல இம்புட்டு வருசமா, யம்மா?”

அவள் கேட்டதில்லை, நான் சொன்னதில்லை. வாய் வராத குணம் என் வரைக்கும்தான் என்று நினைத்திருந்தேன். அது என் பிள்ளையின் தலையில் இத்தனை காலம் பாரமாக உட்கார்ந்திருக்கிறது. அன்றிலிருந்து சோறு வைப்பாள், மாத்திரை எடுத்துக் கொடுப்பாள். முகம் பார்த்துப் பேசவில்லை.

நேற்றைய செவ்வாய் அவளாகவே கோவிலுக்கு வந்தாள். முறை வந்ததும் தமிழில் தொடங்கினாள். அதே குரல், கொஞ்சம் தடித்திருந்தது. நாலாவது மணியில் நின்றுவிட்டாள். மோரீன் அம்மாள் சொல்ல வாய் திறந்தார். நான் அவர் கையைப் பிடித்துவிட்டேன். அப்படி ஒரு துணிச்சல் எனக்கு எங்கிருந்து வந்ததோ. நான் இடம் கேட்கிறேன் என்று நினைத்து, “ஸாரி” என்று அவர் தன் பையை நகர்த்தி எனக்கு இடம் விட்டார். நான் கையை விடவில்லை. வெளியே மழைச் சத்தம் மட்டும் கேட்டது.

செலின் மறுபடி தொடங்கினாள். மற்றவர்கள் இங்கிலீஷில் பின்பாதி சொன்னார்கள். நான் தமிழில் சொன்னேன். அவர்களுடையது சீக்கிரம் முடிந்துவிட்டது, எனக்குக் கொஞ்சம் மிச்சமிருந்தது. அந்தக் கோவிலில் என் குரல் தனியாகக் கேட்டது, கூச்சமாக இருந்தது. செலின் என் பக்கம் திரும்பவில்லை. ஆனால் நான் சொல்லி முடிக்கும்வரை அடுத்த மணியைத் தொடாமல் காத்திருந்தாள்.