காது வெளுத்தால் மாவு சரி

பிசைந்த மாவை ஒரு விரலால் அமுக்குவான். அதே விரலால் தன் காதுமடலையும் அமுக்கிப் பார்ப்பான். இரண்டும் ஒரே மென்மையாக இருந்தால்தான் ஹாஷிமுக்குத் திருப்தி. மதியம்வரை இடது காது வெள்ளையாகவே இருக்கும். "காது வெளுத்தா மாவு சரி, ராத்தா" என்பான், அதே பங்களாவில் துணி தைக்கும் தன் அக்காள் கைரியாவிடம்.

கண்டி வாவிக்கு மேலே அந்தப் பங்களா. மாதா கோயில் சுவர்களில் படம் எழுத வந்த இத்தாலியத் துரை அங்கே இருந்தார். ஹாஷிம்தான் அவருக்குச் சமைக்கும் கோக்கி. அவருடைய ஊர்ச் சாப்பாட்டின் பெயர் ஹாஷிமின் வாயில் நிற்காது. "ரிப்பன்" என்றே சொல்வான். முட்டை விட்டுப் பிசைந்த மாவைப் போத்தலால் தேய்த்து, நீளநீளமாக வெட்டி, துணி கிழிந்த குடையொன்றை விரித்துத் தொங்கவிட்டு அதன் கம்பிகளில் காயப்போடுவான். கைரியா தையல் நாடாவால் அளந்து பார்த்திருக்கிறாள். அகலம் நூலிழை பிசகாது. அதைப் பக்கத்து ஊரான வத்தேகம வரைக்கும் பெருமையாகச் சொல்லி வைத்திருந்தாள்.

தக்காளியை வெந்நீரில் முக்கித் தோலுரித்து, வெள்ளைப்பூண்டோடு குழைய வேகவைப்பான். துரை கேட்ட இலைதான் எந்தக் கடையிலும் கிடைக்கவில்லை. நோன்பு சர்வத்துக்குக் கைரியா ஊறப்போடும் கசகசாவில், அந்தத் திருநீற்றுப்பச்சை விதையில், ஒரு பிடி எடுத்துத் தோட்டத்தில் தூவினான். முளைத்த செடியின் இலையைக் கசக்கி முகர்ந்த துரை, தான் கேட்டது அதுவேதான் என்று தொப்பியைக் கழற்றிவிட்டார்.

நோன்பு மாதத்தில்தான் சங்கடம். நாக்கு நுனியில் வைத்துத் துப்பலாம் என்று பள்ளிவாசல் லெப்பை சொல்லியும் ஹாஷிம் கேட்கவில்லை. தோட்டக்கார வீரய்யாதான் ருசி பார்ப்பார். தினமும் ஹாஷிம் நானாவிடம் ஒரே பேச்சு: "இன்னுங் கொஞ்சம் உப்புப் போடுங்க நானா."

"ஒங்கட நாக்குக்குக் கடலும் சப்புண்டு ஈக்கும்" என்று, அவர் சொன்னதில் பாதியைப் போடுவான் ஹாஷிம். ஒருநாளும் தப்பியதில்லை.

அந்த நோன்பு மாதத்தில் துரையின் அக்காள் கப்பலேறி வந்து கண்டி ரயிலடியில் இறங்கினாள். அவளுக்குப் பிடித்தால் ஹாஷிமின் வேலை நிலைக்கும். பிடிக்காவிட்டால் கொழும்பிலிருந்து வேறு கோக்கி.

அன்று பார்த்து வீரய்யா வெற்றிலைக்குச் சுண்ணாம்பைக் கூட்டிப்போட்டு நாக்கைச் சுட்டுக்கொண்டார். "ஒண்ணுமே வெளங்கல நானா. வெறுந் தண்ணி மாதிரி இருக்கு."

ஹாஷிம் கரண்டியோடு திரும்பி ராத்தாவைப் பார்த்தான்.

"என்னையேன் பாக்குற? நானும் நோன்புதானேடா!"

கூடினால் எடுக்க முடியாதே என்று கையைச் சுருக்கியே உப்பைப் போட்டு அனுப்பினான்.

அந்த அம்மாள் முதல் வாயோடு நிறுத்தினாள். கதவிடுக்கில் கைரியாவின் மூச்சும் நின்றது. அம்மாள் உப்புக் கரிக்கும் சீஸ் கட்டியை எடுத்து மேலே துருவினாள், இன்னும் துருவினாள். பிறகு தலை நிமிரவில்லை. கடைசியில் பாண் ரொட்டித் துண்டால் பீங்கானைத் துடைத்துத் தின்றாள். துரை கதவுப்பக்கம் திரும்பி, "ஹாஷிம், நாளைக்கும் இதுதான்" என்றார்.

மாலையில் பாங்கு கேட்டது. பேரீச்சம்பழமும் சர்வத்தும் முடிந்ததும், எடுத்து வைத்திருந்த ரிப்பனில் ஒரு வாய் வைத்தான் ஹாஷிம். மென்றான். அவன் கை மெல்ல உப்புச் சிரட்டைப் பக்கம் போனது.

கைரியா சிரட்டையை எடுத்துத் தன் முந்தானைக்குள் மறைத்துக்கொண்டாள்.