சீனன்குடாவுக்குப் போக ஏலாது

எங்கள் வகுப்பைப் பற்றி யாரிடம் கேட்டாலும், சரியான கலகலப்பான வகுப்பு என்பார்கள். அது பொய்யில்லை. விளையாட்டுப் போட்டிக்கு இல்லம் அலங்கரிக்க வேண்டுமென்றால் எங்கள் பெடியன்கள் முதல் நாளே தென்னோலையோடு வந்து நிற்பார்கள். வாணி விழாவுக்கு அவல் குழைப்பதும் நாங்கள்தான். நத்தாருக்கு வரும் ஒளி விழாவுக்குப் பஞ்சில் பனி செய்து, கடற்காற்றில் அது பறக்கப் பறக்கத் திரும்ப ஒட்டுவதும் நாங்கள்தான். எல்லாவற்றிலும் நான் முன்னுக்கு நின்றேன். ஆனாலும் அந்த வருடங்களை நினைத்தால் எனக்கு முதலில் வருவது அவல் வாசமில்லை. மூத்திர நாற்றம்.

பெண் பிள்ளைகளின் மலசலகூடம் மண்டபத்துக்குப் பின்னால், மதிலோடு ஒட்டி இருந்தது. கதவின் கீழ்ப்பாதி ஈரத்தில் உக்கி உதிர்ந்திருந்தது. கொளுக்கி கிடையாது, ஒருத்தி உள்ளே போனால் இன்னொருத்தி வெளியே நின்று கதவை இழுத்துப் பிடிக்க வேண்டும். தண்ணீர் காலையில் கொஞ்சம் வந்து இடைவேளைக்கு முன்னரே நின்றுவிடும். அதற்குப் பிறகு குழியில் சேர்வதெல்லாம் சேர்ந்தபடி கிடக்கும். மூலையில் பேப்பரில் சுற்றி எறிந்தவை நனைந்து பிரிந்து கிடக்கும், அவற்றின் மேல் இலையான் மொய்க்கும். மாரியில் தரையில் தண்ணீர் ஏறிச் சப்பாத்துக்குள் போகும், அது என்ன தண்ணீர் என்று யோசிக்கக் கூடாது. வெள்ளைச் சீருடையைத் தூக்கிப் பிடித்து, மூச்சை அடக்கி, வாயால் மூச்செடுத்தால் நாற்றம் நாக்கில் ஒட்டும் என்பதால் வாயையும் மூடிக்கொண்டு போய் வருவோம். வந்து பாணும் சம்பலும் சாப்பிடுவோம். சாப்பிட்டோம் என்பது இப்போது எனக்கு ஆச்சரியமாக இருக்கிறது.

அந்த இடத்துக்குப் பெயர் வைத்தவள் என் பக்கத்துக் கதிரைக்காரி. அவள் கிண்ணியாவிலிருந்து பஸ்ஸில் வருபவள். வழியில் சீனன்குடா விமானப்படை முகாமின் கம்பி வேலியையும், அனுமதியின்றி உள்ளே வரக்கூடாது என்ற பலகைகளையும் தினமும் பார்ப்பவள். ஒரு நாள் மலசலகூடத்தின் வாசல்வரை போய்த் திரும்பி வந்து சொன்னாள்: "அதுக்குள்ள மனிசர் போக ஏலாது புள்ள. சீனன்குடா மாதிரி. பாஸ் இருந்தாத்தான்."

அன்றிலிருந்து அது சீனன்குடா. பெடியன்கள் இருக்கும் வகுப்பில் வேறு எப்படிச் சொல்வது? "சீனன்குடாவுக்குப் போகவேணும், வாறியா?" என்றால் கதவு பிடிக்க ஒருத்தி எழும்புவாள். "இண்டைக்கு கேற் திறக்கேல்ல" என்றால் நிலைமை படுமோசம் என்று அர்த்தம். ஒரு டீச்சர் இதைக் கேட்டுவிட்டு, "உங்கட அப்பா அங்கயா வேலை?" என்று அக்கறையாக விசாரித்தார். ஓம் டீச்சர் என்றேன். டீச்சர்மாருக்கு வேறு மலசலகூடம், அதற்குப் பூட்டும் இருந்தது.

கடைசியில் தண்ணீர் குடிக்காமல் விடுவதே எங்களுக்குப் பழகிப்போனது. கிண்ணியாக்காரி விடியவே புறப்படுபவள், வீட்டில் தேத்தண்ணிகூடக் குடிக்காமல் வருவாள். வெயிலில் அணிநடை பழகும்போது எங்களில் யாராவது மயங்கி விழுந்தால், காலைச் சாப்பாட்டைத் தவறவிடாதீர்கள் என்று ஒலிபெருக்கியில் அறிவுரை வரும்.

நாங்கள் பாடசாலையை விட்டு வெளியே வந்த பின்னும் வகுப்பு கலையவில்லை. வட்ஸ்அப்பில் குழு இருந்தது. முதுகில் எங்கள் ஆண்டு போட்ட ரீசேட் இருந்தது. அந்தப் பாடசாலையில் ஒரு வழக்கமும் உண்டு: ஒரே ஆண்டில் படித்து வெளியேறிய ஒவ்வொரு பட்ச்சும் ஏதாவது அன்பளிப்புச் செய்து, அதில் கருங்கல் பெயர்ப்பலகை பதிக்கும். முகப்பு வளைவு ஒரு பட்ச், மணிக்கூடு இன்னொரு பட்ச். மணிக்கூடு நின்றுபோய்விட்டது, பலகை இன்னும் மினுங்குகிறது. இந்த வருடம் எங்கள் முறை.

அதே நேரத்தில் என் தங்கச்சி ஆஸ்பத்திரியில் கிடந்தாள். அவளும் அங்கேதான் படிக்கிறாள். சலப்பையில் கிருமி, காய்ச்சலோடு நோவும் முதுகுவரை ஏறியிருந்தது. டொக்டர் அவளைப் பார்த்து, "பள்ளிக்கூடத்தில தண்ணி குடிக்கிறேல்லையா?" என்று கேட்டார்.

"இல்ல."

"ஏன்?"

தங்கச்சி என்னைத்தான் பார்த்தாள். "அக்காக்குத் தெரியும்."

இன்னொரு தடவை இப்படி வந்தால் சிறுநீரகம் பழுதாகலாம் என்று டொக்டர் சொல்லிவிட்டுப் போனார். கட்டிலுக்குப் பக்கத்தில் இருந்தபடியே நான் குழுவில் எழுதினேன்: இந்த முறை நாங்கள் சீனன்குடாவைத் திருத்துவம்.

பெண் பிள்ளைகள் வரிசையாக இதயம் போட்டார்கள். பெடியன்களுக்கு ஒன்றும் விளங்கவில்லை.

"முகாமில என்ன திருத்திறது, அங்க கிடக்கிற பழைய எண்ணெய்த் தாங்கியையா?"

"மச்சான், ட்ரிப் சொல்லுறாள் போல. என்ர மாமா உள்ளுக்குத்தான் வேலை. பாஸ் எடுக்கலாம்."

"பிரியாணி ஆர் கொண்டுவாறது?"

வகுப்பில் மொனிட்டராக இருந்தவன் வாக்கெடுப்பே தொடங்கிவிட்டான், சனியா ஞாயிறா என்று. ஒரே அறையில் இத்தனை வருடம் இருந்திருக்கிறோம். நாங்கள் எங்கே போகிறோம், ஏன் இரண்டு பேராகப் போகிறோம், ஏன் முகம் சுளித்துக்கொண்டு வருகிறோம் என்று இவர்களில் ஒருவனும் யோசித்திருக்கவில்லை.

பச்சையாகவே எழுதினேன்: பெண் பிள்ளைகளின்ர மலசலகூடம். தங்கச்சிக்கு வந்த வருத்தத்தையும், அவள் ஆஸ்பத்திரியில் கிடப்பதையும் எழுதினேன். பிறகு மொனிட்டர் குரல் பதிவு அனுப்பினான்.

"தங்கச்சிக்கு சுகமாகட்டும். ஆனா யோசிச்சுப் பாரும், பெயர்ப்பலகையை எங்க போடுறது? எங்கட பட்ச்சின்ர பெயரைக் கக்கூஸ் கதவிலயா?"

அதற்குக் கீழே சிரிப்புப் படங்கள். எங்கள் பெண் பிள்ளைகளில் சிலரும் போட்டிருந்தார்கள். பத்து நிமிடத்துக்கு முதல் இதயம் போட்ட அதே விரல்கள்.

முடிவில் குடிநீர் வடிகட்டி என்று தீர்மானமானது. பிள்ளைகள் தண்ணீர் குடிக்காமல் வருத்தம் வருகிறது என்று நானே சொன்னேனாம், அதனால் அது என்னுடைய யோசனையாகவும் பதிவானது.

திறப்பு விழாவுக்குப் போனேன். கிண்ணியாக்காரியும் வந்திருந்தாள். வடிகட்டியை மண்டபத்தின் பின்சுவரில் பூட்டியிருந்தார்கள். அங்கிருந்து உக்கின கதவு நேரே தெரிந்தது. காற்று அந்தப் பக்கத்திலிருந்துதான் வந்தது. பேசியவர்கள் எல்லாரும் மூக்கைத் தடவித் தடவிச் சுத்தமான நீரைப் பற்றிப் பேசினார்கள். நாடா வெட்டியதும் மொனிட்டர் முதல் கிளாஸை நிரப்பி, சுகமாகித் திரும்பியிருந்த என் தங்கச்சியைக் கூப்பிட்டான்.

"குடியுங்கோ தங்கச்சி. கமராவைப் பாத்து."

அவள் ஒரு வாய் எடுத்தாள். படம் எடுத்தார்கள், கை தட்டினார்கள். கிளாஸைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, கன்னம் இரண்டும் உப்பியபடி மண்டப மூலைக்கு நடந்து போய், குரோட்டன் செடியின் அடியில் துப்பினாள்.

"பிள்ளை இன்னும் பாஸ் எடுக்கேல்ல போல," என்றாள் கிண்ணியாக்காரி. அவள் சிரிக்கவில்லை.

நான் மொனிட்டரிடம் போனேன். "அவள் துப்பினதையும் படம் எடுத்தனீங்களா?"

"என்னத்தை?" என்றான். உண்மையாகவே அவன் காணவில்லை. "வாரும், குறூப் போட்டோவுக்கு ஆள் காணாது."

நான் நிற்கவில்லை. தங்கச்சியின் பையைத் தோளில் போட்டுக்கொண்டு அவளோடு வெளியே வந்தேன். பை பாரமாக இருந்தது. பஸ்ஸில் திறந்து பார்த்தேன். காலையில் அம்மா குசினியில் நிரப்பிக் கொடுத்த போத்தல், மூடி திறக்கப்படாமல், கழுத்துவரை அப்படியே இருந்தது.