வீடியோ காலில் நான் சொன்ன மழை

ரெண்டு வருஷத்துக்கு முந்தி, ஒரு சித்திரை மாசக் காலையில், கடலூர் திருப்பாதிரிப்புலியூரில் என் கருவாட்டுக் கடையில் உட்கார்ந்திருந்தபோது நடந்தது இது.

நான் அஞ்சாவதோடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன். தேவனாம்பட்டினம் மணலில் கருவாடு காயப்போட்டே மூணு கடைக்கு முதலாளி ஆனேன். மேகத்தைப் பார்த்தால் மழை எப்போது இறங்கும் என்று சொல்லிவிடுவேன். சிதம்பரத்தில் இருக்கிற என் மச்சான், நெல் காயவைக்கும் முன்னால் டிவியைப் பார்க்கமாட்டார், எனக்குத்தான் போன் போடுவார்.

அன்றைக்கு என் மகள் வீடியோ காலில் வந்தாள். இந்தோனேசியாவில் ஒரு சின்னத் தீவில் கைக்குழந்தையோடு இருக்கிறாள். மருமகன் வேலையாகப் பக்கத்துத் தீவுக்குப் போயிருந்தார். அங்கே கூரையில் விழுகிற மழையைக் குழாய் வழியாகத் தொட்டியில் பிடித்துத்தான் குடிக்கணும். தொட்டியில் அப்போது கால்வாசித் தண்ணிதான்.

"அப்பா, எரிமலை பொகையுது. சாம்பல் வரும், கூரைக் குழாயைக் கழட்டிடுன்னு பக்கத்து வீட்டம்மா சொல்றாங்க. என்ன பண்றது?"

போனை வானத்துக்குத் திருப்பச் சொன்னேன். கன்னங்கரேலென்று மேகம்.

"அட, மழை மேகம்மா அது! நாப்பது வருஷமா மானத்த பாக்குறவன் சொல்றேன், கழட்டாத. தொட்டி ரொம்பட்டும்."

நெத்திலி வாங்க வந்தவர் சிரித்தார். "மொதலாளி, கடலுக்கு அந்தாண்ட மழையும் உங்கள கேட்டுத்தான் பெய்யுமா?"

"பின்ன?" என்றேன்.

அரை மணி நேரத்தில் மகள் திரும்பக் கூப்பிட்டாள். மழை வந்தது நிஜம். ஆனால் இறங்கினது தண்ணி இல்லை, சேறு. சிமெண்டைக் கரைத்து ஊற்றினதுபோல் கூரையில் சாம்பல் வழிந்து, குழாயைப் பார்த்து வந்துகொண்டிருந்தது. "அப்பா, தொட்டி..." என்று அழுதாள். இருக்கிற தண்ணியும் போனால் குழந்தைக்குப் பால் கரைக்க என்ன செய்வாள்?

அதற்குள் அந்தப் பக்கத்து வீட்டம்மா தலையில் பிளாஸ்டிக் கூடையைக் கவிழ்த்துக்கொண்டு ஓடிவந்தார். என் மகளைத் தள்ளிவிட்டு, குழாயைப் பிடுங்கிப் போட்டார். தொட்டி தப்பித்தது.

அப்புறம் மருமகன் விளக்கினார். எரிமலையின் சூடும் ஆவியும் மேலே ஏறித் தானே மேகம் கட்டுமாம், சாம்பலையும் சேர்த்துக்கொண்டு இறங்குமாம். புகை வெயிலை மறைத்ததில், மூணு நாள் நட்டநடுப்பகலில் மகள் லைட் போட்டுக்கொண்டு, குழந்தைக்குப் போர்வை போர்த்தினாள். அந்த மூணு நாளும் அவர்கள் குடித்தது, நான் பாழாக்கப் பார்த்த, அந்தம்மா காப்பாற்றின தண்ணியைத்தான்.

கடலூர் மேகத்தை என்னைவிடச் சரியாகச் சொல்ல இன்றைக்கும் ஆள் கிடையாது. ஆனால் மகள் போனில் எதைக் கேட்டாலும், "அங்க இருக்குறவங்க என்னம்மா சொல்றாங்க?" என்றுதான் முதலில் கேட்கிறேன். நம்ம வார்த்தையை அப்படியே நம்புகிற பிள்ளையிடம், தெரியாததைத் தெரிந்தமாதிரி சொல்வது எவ்வளவு ஆபத்து என்பது அன்றைக்கு உறைத்தது, இன்னும் உறைத்துக்கொண்டுதான் இருக்கிறது.