தாத்யாவின் கூடையும் தலைவியின் நாற்காலியும்

தாமோதர் காவ்கரை எங்கள் கரையில் யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. எல்லோருக்கும் அவர் தாத்யா. தென்னந்தோப்பு உண்டு, விருந்தினர் தங்க இரண்டு அறை உண்டு, ஓயாத வாய் உண்டு. சவுக்கு உச்சியில் கடற்கழுகு வந்து உட்கார்ந்தால், "இவளுக்கு இன்னிக்கும் மீன் சிக்கல, மூஞ்சியப் பாரு" என்பார். அலை வந்தால் பின்னால் ஓடி, அலை போனால் முன்னால் ஓடும் உள்ளான் குருவிகளைக் காட்டி, "இதுங்களும் புனேக்காரங்கதான், கால் நனையாம கடல் பாக்கணும்" என்பார், தன் அறைகளில் தங்க வந்த புனேக்காரர்களைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே.

ஊர் அவருக்குக் கொடுத்திருந்த ஒரே பெருமை ஆமைக் கூடை. கடலாமை முட்டையிட்டுப் போனதும் முட்டைகளை எடுத்து வந்து வேலிக்குள் புதைத்து, குழியின்மேல் மூங்கில் கூடையைக் கவிழ்த்து வைப்போம். பொரிக்கும் பருவத்தில் காலையும் மாலையும் கூடையைத் தூக்கிப் பார்ப்பது வழக்கம். குஞ்சுகள் மேலே வந்திருந்தால் கடலை நோக்கி விடவேண்டும். அதைப் பார்க்கத்தான் விருந்தினர்கள் வருகிறார்கள். கூடையைத் தூக்கும் கை தாத்யாவுடையது.

இந்த வருடம் அந்தக் கைக்கு என்ன ஆயிற்றோ, தூக்கினால் வெறும் மணல். அவர் காய்ச்சலில் படுத்த அன்று மைத்துனர் யஷ்வந்த் தூக்கினார். கூடை கொள்ளாத குஞ்சுகள். "தாத்யா கையப் பாத்தா ஆமை மறுபடி முட்டைக்குள்ள போயிடுது" என்று டீக்கடையில் யாரோ சொல்ல, ஊரே அதைப் பிடித்துக்கொண்டது. ஊராட்சித் தலைவி இந்துமதி பாய் கறாராகச் சொல்லிவிட்டார்: "ஞாயித்துக்கிழமை சாயங்காலம் நானே வந்து பாக்கறேன். அன்னிக்கும் வரலன்னா கூடை யஷ்வந்துக்கு."

அதிலிருந்து தாத்யாவுக்குத் தேங்காய்ப்பாலில் கலக்கும் சோல்கடிகூடத் தொண்டையில் இறங்கவில்லை. ஊரே அண்ணா என்று கூப்பிடும் எனக்கு அவரைவிட மோசம். நாய் புகுந்திருக்குமோ, மணல் இறுகியிருக்குமோ, வேலிக் கதவைச் சாத்தினோமோ என்று அவர் பின்னாலேயே அலைந்தேன்.

"அண்ணா, போதும்டா. ஆமைக்கு ஓடு இருக்கு. உனக்கு நகமாவது இருக்கட்டும், கடிக்காத" என்றார் தாத்யா.

ஞாயிறு மாலை தலைவி உட்காருவதற்காகத் தன் வீட்டு மர நாற்காலியைத் தாத்யாவே தூக்கி வந்தார். வேலிக்கு வெளியே மேடான இடமாகப் பார்த்து, காலால் மணலை நிரவிப் போட்டார்.

எங்கள் பக்கத்தில் எதைத் தொடங்கினாலும் முதலில் ஊர்ச்சாமியிடம் உரக்க முறையிட வேண்டும். ஒருவர் சொல்லச் சொல்ல, கூடியிருப்பவர்கள் அத்தனை பேரும் 'ஹோய் மகாராஜா' என்று ஆமோதிக்க வேண்டும். தாத்யா கைகூப்பினார்.

"ஏ ரவள்நாத் மகாராஜா! உன் பிள்ளைங்க உன் கரையில வந்து நிக்கிறோம், மகாராஜா!"

"ஹோய் மகாராஜா!"

"புனேலேர்ந்து முழங்கால் வலியோட வந்திருக்காங்க. சும்மா திருப்பி அனுப்பாத, மகாராஜா!"

"ஹோய் மகாராஜா!"

"யஷ்வந்த் நல்லவன்தான். ஆனா எங்க தோப்பு மட்டைய அவன் பக்கம் இழுத்துக்கறான். அதுக்கும் ஒரு வழி பண்ணு, மகாராஜா!"

புனேக்காரர்கள்தான் எல்லோரையும்விட பலமாக ஆமோதித்தார்கள்.

"ஆமைய மட்டும் கேளுங்க தாத்யா, மட்டைய விடுங்க" என்று முனகினார் யஷ்வந்த்.

"வர வேண்டியத வர விடாம யாரு குறுக்க உக்காந்திருந்தாலும், அந்த ஆள எழுப்பி ஓட விடு, மகாராஜா!"

"ஹோய் மகாராஜா!" நாற்காலியில் இருந்தபடி தலைவியும் சொன்னார்.

தாத்யா கூடையைத் தூக்கினார். மணல். ஒரு நண்டு வெளியே வந்து, கூட்டத்தைப் பார்த்து, திரும்பிப் போயிற்று.

தாத்யாவின் கை கூடையை விடவில்லை. தலைவி தொண்டையைச் செருமினார்.

"தாத்யா, சொன்னபடி... ஐயோ! கால்ல என்னமோ ஊருது!"

புடவையை முழங்காலுக்குத் தூக்கிக்கொண்டு அவர் அலைவரை ஓடிய ஓட்டம் எங்கள் கரை இதுவரை காணாதது. நாற்காலிக்கு அடியில் மணல் கொதிப்பதுபோல் பொங்கியது. யார் கண்ணிலும் படாமல் போன முட்டைக்குழி அது. ஒரு கறுப்புத் தலை, ஒரு துடுப்புக் கை, அப்புறம் ஒன்றின்மேல் ஒன்றாக வந்துகொண்டே இருந்தன.

"எவனும் அசையாத!" என்று கத்தினார் தாத்யா. "அண்ணா, நாற்காலிய மெதுவா எடு!"

ஒவ்வொரு காலாகக் கிளப்பி எடுத்தேன். சூரியன் பாதி கடலில் இறங்கியிருந்தது. உள்ளங்கையளவுகூட இல்லாத உயிர்கள் ஈரமணலில் கோலம் இழுத்துக்கொண்டு போயின. முதல் அலை புரட்டிப் பின்னால் தள்ளியது, மறுபடி நகர்ந்தன. அடுத்த அலை திரும்பியபோது மணலில் நுரை மட்டும் இருந்தது. புனேக்காரர்களில் ஒருவர் அழுதேவிட்டார்.

தலைவி நனைந்த புடவையோடு திரும்பி வந்தார். "குறுக்க உக்காந்த ஆளுன்னு சாமிகிட்ட என்னையா சொன்னீங்க?"

"நீங்களும்தானே ஹோய்னு சொன்னீங்க, பாய்?"

கூட்டம் சிரித்தது. தலைவியும் சிரிப்பை அடக்கப் பார்த்துத் தோற்றார். ஆனாலும் உட்காராமல், நின்றபடியே தீர்ப்புச் சொன்னார்: "கூடைல ஒண்ணும் இல்ல. சொன்னது சொன்னதுதான். கூடை யஷ்வந்துக்கு."

"தாராளமா எடுத்துக்கட்டும்" என்றார் தாத்யா. "நாற்காலி என்னுது."

மறுநாளிலிருந்து இதுதான் நடக்கிறது. யஷ்வந்த் கூடையிடம் போவதற்குள் தாத்யா நாற்காலியோடு வந்துவிடுவார். மணலை முகர்ந்து, கழுகைப் பார்த்துத் தலையாட்டி, ஓரிடத்தில் போடுவார். விருந்தினர்கள் கூடைக்கு முதுகைக் காட்டி நாற்காலியைச் சுற்றி நிற்கிறார்கள். "உக்காருங்க, உக்காருங்க" என்று அவர் எல்லோரையும் உபசரிக்கிறார். ஒருவரும் உட்காருவதில்லை. யஷ்வந்த்கூட, கூடையைத் தூக்குவதற்கு முன்னால் ஓரக்கண்ணால் நாற்காலிக்கு அடியில் ஒருமுறை பார்த்துக்கொள்கிறார்.