இடது கண்ணில் வளைந்த கல்லுக்கால்

சபையாருக்கு என் அன்பு. மைக் பிடித்துப் பேசும் பழக்கம் எனக்கு இல்லை. தோட்டத்தில் சத்தம் போடும் பழக்கம்தான் உண்டு. என் கஷ்டமும் ஒரு சத்தத்தில்தான் ஆரம்பித்தது.

அனுமந்தன்பட்டியில் எனக்குத் திராட்சைத் தோட்டம். போன வருடம் ஆடிக் காற்றில் பந்தல் ஒரு பக்கம் சாய்ந்துவிட்டது. பந்தலைத் தாங்கும் கல்லுக்கால்களைப் பிடுங்கிப் புதிதாக ஊன்ற வேண்டியிருந்தது. இருபது வருடமாக எனக்குப் பந்தல் போடும் சேகர்தான் ஊன்றினான். நான் வழக்கம்போல வலது கண்ணை மூடிக்கொண்டு இடது கண்ணால் வரிசை பார்த்தேன். நடுவில் நாலு கால் நெளிந்து நின்றது. கல் எப்படி நெளியும் என்று யோசிக்கவாவது செய்தேனா? "பிடுங்குடா" என்றேன். மறுபடி ஊன்றினான். மறுபடியும் நெளிவு. மூன்றாம் தடவை, "குடிச்சிட்டு வந்தியா?" என்று எல்லார் முன்னாலும் கேட்டுவிட்டேன்.

சேகர் கோபப்படவில்லை. "அண்ணே, மத்தக் கண்ணால ஒருக்கா பாருங்க" என்றான். பார்த்தேன். அத்தனை காலும் நூல் பிடித்த மாதிரி நின்றது. அங்கேயே வரப்பில் உட்கார்ந்துவிட்டேன்.

மதுரைக் கண் ஆஸ்பத்திரியில் ஒரு டாக்டரம்மா படம் எடுத்துப் பார்த்தார். வயதானவர்களுக்கு வருகிற கோளாறாம். விழித்திரையில் கசிவு. கண்ணுக்குள் ஊசி போட வேண்டும், ஆரம்பத்தில் மாதம் ஒன்று. "போன பார்வை முழுசாத் திரும்பும்னு சொல்ல மாட்டேன். இருக்கிறதைக் காப்பாத்தலாம். தள்ளிப் போடாதீங்க ஐயா" என்றார். கையில் ஊசி போட்டாலே முகத்தைத் திருப்பிக்கொள்கிற ஆள் நான். கண்ணுக்குள் போட்டால் முகத்தை எங்கே திருப்புவது?

ஊசி போடும் நாளில் தலைக்குப் பச்சைத் தொப்பி மாட்டி, எந்தக் கண் என்று தெரிய நெற்றியில் பிளாஸ்திரி ஒட்டி, வரிசையில் உட்காரவைத்தார்கள். எனக்கு முன்னால் இரண்டே பேர். பாத்ரூம் போவதாகச் சொல்லி எழுந்தவன், ஆட்டோ பிடித்து ஆரப்பாளையம் பஸ் ஸ்டாண்டுக்கு வந்து தேனி பஸ்ஸில் ஏறிவிட்டேன். உசிலம்பட்டி தாண்டியபோதுதான் தொப்பியைக் கழற்றவில்லை என்பது தெரிந்தது. கீழே மருந்து வாங்கப் போன என் மனைவி ஞானத்தை விட்டுவிட்டு வந்ததும் அப்போதுதான் ஞாபகம் வந்தது. அவள் அடுத்த பஸ்ஸில் வந்தாள்.

பிறகு மூன்று வாரம், "ஊசியில்லாமல் குணமாக்கும் ஆண்டவரே" என்று தினமும் காலையில் முழங்காலில் நின்றேன். பயத்துக்கு விசுவாசம் என்று பெயர் வைத்திருந்தேன். கண்ணோ மோசமாகிக்கொண்டே போனது. ஒரு ஞாயிறு காலை, இட்லி வைத்துக்கொண்டிருந்த ஞானத்தை இடது கண்ணால் மட்டும் பார்த்தேன். சேலை தெரிந்தது, காது தெரிந்தது, முகம் இருக்கிற இடத்தில் ஒரு கலங்கல். மற்றக் கண்ணும் இப்படிப் போனால் இவள் முகத்தை இனி எப்போது பார்ப்பேன்? சின்னப் பிள்ளை மாதிரி அழுதேன்.

"அழுகாதீக. மூஞ்சி எங்கயும் போகல, இங்கனதான் இருக்கு" என்றாள். "ஆனா இந்தத் தடவயும் என்னைய விட்டுட்டு வந்தீகன்னா, நான் மதுரையிலயே இருந்துக்கிருவேன்."

அன்றைக்கு ஜெபத்தை மாற்றினேன். "ஆண்டவரே, எனக்குப் பயமாக இருக்கிறது. ஓடாமல் இருக்கப் பலம் தாரும்." அவ்வளவுதான்.

மறுபடி போனேன். படுக்கவைத்து, மரத்துப்போக மருந்து விட்டு, முகத்தில் துணி போட்டார்கள். கால் இரண்டும் தாமாக உதறின. அதே ஜெபத்தைச் சொன்னேன். திடீரென்று உதறல் நின்றது. எப்படி என்று எனக்குச் சொல்லத் தெரியாது. பெரிய அமைதி. கண்ணில் லேசாக ஒரு அழுத்தம்.

"முடிஞ்சது ஐயா."

"இன்னும் போடவே இல்லியேம்மா?" என்றேன். நர்சுகள் எல்லாரும் சிரித்துவிட்டார்கள்.

இதுவரை ஆறு ஊசி. மறைக்காமல் சொல்கிறேன், கண் பழையபடி ஆகவில்லை. ஆனால் கசிவு அடங்கியிருக்கிறது. கலங்கல் சுருங்கி ஞானத்தின் முகம் திரும்பி வந்தது. மூக்கு மட்டும் கொஞ்சம் கோணல். அதைச் சொன்னேன். "அது கல்யாணத்தப்பவே அப்படித்தான். இப்பத்தான் பாக்குறீக" என்றாள். ஸ்தோத்திரம்!

சேகரிடம் எல்லார் முன்னாலும் மன்னிப்புக் கேட்டேன். இப்போதெல்லாம் யாரையும் திட்டுவதற்கு முன்னால், நான் பார்ப்பது சரிதானா என்று ஒரு தடவை யோசிக்கிறேன். பாதி நாள் திட்டவே வேண்டியிருப்பதில்லை.

ஆஸ்பத்திரிச் சீட்டைப் பைபிளுக்குள் மடித்து வைத்துவிட்டு ஜெபம் மட்டும் பண்ணிக்கொண்டிருப்பவர்கள் இங்கேயும் இருக்கிறீர்கள். எனக்குத் தெரியும், நானும் அங்கேதான் வைத்திருந்தேன். ஜெபத்தை விடாதீர்கள். பயத்தையும் அவரிடம் உள்ளபடி சொல்லிவிடுங்கள். செவ்வாய்க்கிழமை காலை முதல் பஸ்ஸில் நானும் ஞானமும் அடுத்த ஊசிக்குப் போகிறோம். தனியாகப் போகப் பயந்தால் எங்களோடு வாருங்கள். பயந்தாங்கொள்ளி என்று ஆண்டவர் என்னைத் தள்ளவில்லை. உங்களையும் தள்ள மாட்டார்.