மாமன் வழி

மரபணுப் பரிசோதனைப் பிரிவில் ரத்தம் எடுத்த அந்த அம்மாளுக்கு ஒல்லியான உருவம், நரைத்த பின்னல். ஊசியை எடுத்த பிறகு பஞ்சை நம்மிடம் தரமாட்டார். தன் கட்டைவிரலாலேயே அழுத்திக்கொண்டு பேசுவார்.

என் மனைவியின் தம்பியான மைத்துனருக்குச் சிறு காயம் பட்டாலும் ரத்தம் உறையாது. கர்ப்பிணியான என் மகள், தன் குழந்தைக்கும் அது வருமோ என்று பயந்தாள்.

“மாமன் வேற குலம்மா. எங்க பங்காளிங்கள்ல யாருக்கும் இல்ல” என்று அந்த அம்மாளிடம் சொன்னேன்.

அவர் சிரித்துவிட்டார். “இது அம்மா வழியா வர்றது சார். பங்காளிங்கள விட்டுட்டு மாமன கூட்டிக்கினு வாங்க.”

மைத்துனர் கையை நீட்டியபடி, “என்னால பாப்பாவுக்கு வந்துடுமாம்மா?” என்று கேட்டார். அந்த அம்மாள் ஊசியை எடுத்துவிட்டு, ரத்தம் நிற்கும்வரை வெகுநேரம் பஞ்சை அழுத்திக்கொண்டே இருந்தார்.

என் மகளுக்கும் ரத்தம் எடுத்தார். முடிவு வந்ததும் அவரே அவளிடம் சொன்னார்: “மாமாகிட்ட இருக்கிற கோளாறு உனக்கு இல்லம்மா. அதனால கொழந்தைக்கும் வராது. மாமா மடியிலயே வச்சிக் காது குத்து.”

அப்படியே செய்தோம். பேரனின் காதில் ஒரு சொட்டு ரத்தம் துளிர்த்து நின்றுவிட்டது. நின்ற பிறகும் மைத்துனர், அந்த அம்மாளைப் போலவே, கட்டைவிரலால் பஞ்சை அழுத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.